எண்ணின் தோளில் எண்: இருக்கை உயரம் பற்றிய ஓர் ஆய்வு

ஓர் எண்ணின் வலத்தோளில் இன்னோர் எண் சிற்றுருக் கொண்டு ஏறி உட்கார்ந்திருப்பதைக் கணக்குப் புத்தகத்தில் காணலாம். கீழே இருப்பவர் அடிமானம். மேலே இருப்பவர் அடுக்கு. 2⁵ என்றால் ஐந்து இரண்டுகள் ஒன்றையொன்று பெருக்கி 32 ஈட்டுகின்றன. ஐந்து அந்தப் பெருக்கலில் கை வைப்பதில்லை. எத்தனை பேர் வேலைக்கு வர வேண்டும் என்று சொல்வதோடு சரி. அலுவலகங்களுக்குப் போய்வந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

ஆயினும் 2⁵-க்கு 10 என்று விடை எழுதும் மரபு வகுப்பறைகளில் இன்றும் செழித்திருக்கிறது. ஆராய்ந்தால், குற்றவாளி மாணவன் அல்லன். 2 என்னும் எண்ணே. கரும்பலகையில் முதல் எடுத்துக்காட்டாக 2² எழுதுகிறோம். முறைப்படி செய்தாலும் 4, மேலே இருப்பவரையும் சேர்த்துப் பெருக்கினாலும் 4, கூட்டினாலும் 4. மூவருக்கும் முழு மதிப்பெண். போதாக்குறைக்கு 2⁴-ம் 16, 4²-ம் 16. வெவ்வேறான இரண்டு இயல் எண்கள் இடம் மாறி உட்கார்ந்தும் விடை மாறாதது இந்த ஒரே ஜோடிக்குத்தான். அதிலும் இந்த 2 இருக்கிறது. ஆகவே பாடத்தை 3²-இல் தொடங்க வேண்டுமென இவ்வாய்வு வலியுறுத்துகிறது. 9-க்கு 6 எழுதியவன் அன்றே அகப்படுவான்.

இந்த உயர்ந்த இருக்கையை நிலைபெறச் செய்தது ரெனே தெக்கார்த் 1637-இல் வெளியிட்ட வடிவியல் நூல். அவரும் வர்க்கம் வரும் இடத்தில் மட்டும் எழுத்தைப் பெரும்பாலும் இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதிவிட்டுப் போனார். 2-இன் நடத்தையில் அவருக்கும் ஐயம் இருந்ததென்றே கொள்க.

இருக்கையின் மகிமை, அது பறிபோகும்போது விளங்கும். கணினியில் அடித்த வினாத்தாளை வாட்ஸ்அப்பில் நகலெடுத்து ஒட்டினால், மேலே இருந்தவர் ஓசையின்றிக் கீழே இறங்கிவிடுவதுண்டு. வெற்றிடத்தில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3 × 10⁸ மீட்டர். எட்டு இறங்கினால் 3 × 108. அதாவது 324 மீட்டர். 20 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலியே 343 மீட்டர் ஓடும். இனி இடி முந்திக்கொள்ளும், மின்னல் மூச்சிரைக்கப் பின்னால் வரும். 108 தமிழ்நாட்டில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண் என்பதும் பொருத்தமே. 18 கிராம் தண்ணீரில் 6.022 × 10²³ மூலக்கூறுகள் உள்ளன. 23 இறங்கிவிட்டால் மிஞ்சுவது ஆறாயிரத்துச் சொச்சம். ஆளுக்கொரு பெயர் வைத்துவிடலாம்.

தோளில் பூஜ்யம் அமர்ந்தால்? வேலைக்கு யாருமே வேண்டாம் என்கிறது; ஆனாலும் 2⁰ = 1. 2³ எட்டு, 2² நான்கு, 2¹ இரண்டு. ஒரு படி இறங்குந்தோறும் விடை பாதியாகிறது. இரண்டில் பாதி ஒன்றுதானே. இறக்கம் அங்கேயும் நிற்பதில்லை. 2⁻¹ அரை, 2⁻² கால், 2⁻³ அரைக்கால், 2⁻⁴ மாகாணி. கழித்தல் அடுக்கைக் கண்டு மிரளும் மாணவனின் கொள்ளுத்தாத்தா இதையெல்லாம் எண்சுவடியில் பாராமல் ஒப்பித்தவர். கடையில் மாகாணிப்படி நல்லெண்ணெய் என்றுதான் கேட்டார். இரண்டின் அடுக்கு கழித்தல் நான்கு படி என்று கேட்டிருந்தால், கடைக்காரர் முதலில் பழைய பாக்கியைக் கேட்டிருப்பார்.