மோந்து பார்க்கும் அண்ணன்

தமிழ்நாட்டில் ‘ஒயின் ஷாப்’ என்று ஒரு சொல் உண்டு. அங்கே ஒயினைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும். 2003-ல் சில்லறை விற்பனை முழுவதையும் டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகு போர்டு மாறியதே தவிர ஜனங்களின் வாய் மாறவில்லை. அம்பத்தூர் ஓ.டி.யில் ஆட்டோ ஏறி, ‘ஒயின் ஷாப் பக்கத்துல நிறுத்துப்பா’ என்றால் இன்றைக்கும் சரியான இடத்தில்தான் நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட ஊரில் நிஜமாகவே ஒயின் குடிக்கிற மனிதர் படும் பாட்டை யாரும் எழுதியதில்லை. குடிக்காதவர்கள் அவரைக் குடிகாரன் என்கிறார்கள். குடிகாரர்களோ அவரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

மேற்குப் புறநகரில் இந்த ரகம் இப்போது பெருகிவருகிறது. பூந்தமல்லிப் பக்கம் பதினாலாவது மாடியில் இருப்பவர் கோப்பையைப் படம் எடுத்துவிட்டு, படம் நன்றாக வந்தால்தான் குடிப்பார். ஆவடியில் டாங்க் தொழிற்சாலையிலிருந்து ரிட்டயரானவர், இதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னதை நம்பி, இருமல் மருந்து மூடியில் அளந்து குடிப்பார். இவர்களை விட்டுவிடலாம். அசல் சரக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கிறது. குவாலிட்டி கண்ட்ரோல்காரர். எங்கள் மாடிவீட்டு அண்ணன்.

அண்ணன் முப்பது வருஷமாக மைக்ரோமீட்டரும் கையுமாக இருந்தவர். சப்ளையர் ஒருவரை ஆடிட் பண்ண கம்பெனி அவரை நாசிக்குக்கு அனுப்பியது. அங்கேயும் அம்பட் என்று ஒரு இண்டஸ்ட்ரியல் ஏரியா இருக்கிறது. அம்பத்தூர்க்காரருக்கு அதுவே பாதி சொந்த ஊர். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பாரே என்று சப்ளையர் அவரை கங்காபூர் அணைப் பக்கம் சுலா திராட்சைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். போனது ஆடிட்டர், திரும்பி வந்தது ரசிகர்.

வந்த நாளிலிருந்து அந்த ஒரே ஒயினரியின் ஸ்தல புராணம்தான். ராஜீவ் சாமந்த் அமெரிக்காவில் ஆரக்கிள் வேலையை விட்டுவிட்டு வந்து அப்பாவின் நிலத்தில் திராட்சை போட்டது, 1999-ல் கம்பெனி தொடங்கியது, 2000-ல் முதல் ஒயின் வந்தது, அம்மா பெயர் சுலபா என்பதால் ‘சுலா’ என்று வைத்தது, லேபிளில் இருக்கும் சூரியனுக்கு மீசை இருப்பது என எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, “மீசை வச்ச சூரியன் தம்பி! நம்மூரு அய்யனார் மாதிரி!” என்று முடிப்பார். ஐரோப்பாவில் திராட்சை அறுவடை செப்டம்பர் வாக்கில் நடக்கும். நாசிக்கில் ஜனவரி முதல் மார்ச் வரை. மழைக்காலத்தில் பழுக்கவிட்டால் பழம் அழுகிப்போகும் என்பதால், மழை முடியும் சமயத்தில் கொடியைக் கவாத்து செய்து, பனிக்காலத்தில் பழுக்க வைக்கிறார்கள். இதை அண்ணன் சொல்லும்போது கொடியைக் கவாத்து செய்தவரே அவர்தான் என்று தோன்றும்.

“கம்பத்துல பன்னீர் திராட்சை விளையுதே, அதுக்குப் புவிசார் குறியீடுகூட 2023-ல கொடுத்தாங்களே?” என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். “அது சாப்பிடறதுக்கு தம்பி” என்றார், சொந்தக்காரப் பையனை வேலைக்குச் சேர்க்க மறுக்கும் மேனேஜர் குரலில். வெள்ளைக்காரன் பழக்கம் என்று யாராவது சொன்னால் மட்டும் தமிழர் ஆகிவிடுவார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும், யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியனுக்காக நக்கீரர் பாடிய புறநானூற்றுப் பாட்டும் உடனே சாட்சிக்கு வரும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் இன்ஸ்பெக்‌ஷன். சாட்சியாக நான். டாஸ்மாக்கின் எலைட் கடையில் வாங்கிய இரண்டு பாட்டில்: வெள்ளையில் சொவின்யோன் பிளாங், சிவப்பில் ஷிராஸ். பக்கத்தில் கிளிப் போட்ட அட்டையில் ரிப்போர்ட் பாரம். ‘தோற்றம், வாசனை, சுவை, முடிவு’ என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் ஓகே, ரிஜெக்ட், ரீவொர்க் மூன்றில் ஒன்றை டிக் அடிக்க வேண்டும். ஒயினுக்கு ரீவொர்க் எப்படி என்று கேட்டேன். செவன் அப் என்றார்.

முதல் பிரச்சினை சூடு. வெள்ளை ஒயினை 8–10 டிகிரியில் குடிக்கணும்; சிவப்பை அறை வெப்பநிலையில் குடிக்கலாம் என்கிறது அண்ணனின் ஒயின் புத்தகம். எழுதியவன் குளிர்தேசத்துக் கல்வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். அவன் அறை 16–18 டிகிரி. மே மாதத்து அம்பத்தூர் அறை 36. அந்தச் சூட்டில் ஷிராஸ் கஷாயம். எனவே இரண்டு பாட்டிலும் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஃபிரிட்ஜுக்குள் போயின. கூடவே டம்ளரும் டவராவும்.

ஆமாம், டவராதான். கண்ணாடிக் கோப்பை ஆறு வாங்கினார். ஆறும் ஒவ்வொன்றாகப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் உயிர்விட்டன. டவராவுக்கு வாய் அகலம், சுழற்ற வசதி. சிவப்பு ஒயினுக்குக் காற்றுப் பட வேண்டும், அதற்கென்று டிகாண்டர் என்ற குடுவை விற்கிறார்கள் என்பதைப் படித்தவர், “இதுக்கு எதுக்குக் காசு? நாம காபிக்குப் பண்றதுதானே!” என்று ஷிராஸை ஒரு முழம் உயரத்திலிருந்து ஆற்றினார். பாதி பனியனில். சிவப்பு ஒயினில் தோலோடு நொதிக்க விடுவதால்தான் நிறம் இறங்குகிறது. வெள்ளையில் சாற்றைப் பிழிந்து தோலை முன்னாலேயே பிரித்துவிடுகிறார்கள். பனியனிலிருந்து பிரிக்க அண்ணி இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறார்.

அண்ணன் வெள்ளையை டவராவில் சுழற்றி, மூக்கை உள்ளே விட்டார். கண் மூடியது. “கூஸ்பெர்ரி” என்றார். நான் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை. “அப்புறம்... மல்லிகை! ஆமா, மல்லிகை!” மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அண்ணி திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “என்னங்க, அது பூந்தமல்லி மல்லி. டவரா மேலதான் நாலு முழம் வச்சிருந்தேன்.”

அண்ணன் மல்லிகையை அடித்துவிட்டு மறுபடி முகர்ந்தார். எனக்கு அவர்மேல் இருக்கும் குறை இது ஒன்றுதான். மல்லிகையைச் சரியாகக் கண்டுபிடித்த மூக்கை நம்பாமல், கூஸ்பெர்ரி என்று எழுதிய புத்தகத்தை நம்புகிறார்.

“இங்க குடுங்க. குடிக்க மாட்டேன், மோந்து மட்டும் பாக்குறேன்” என்று அண்ணி டவராவை வாங்கினார். ரசத்தில் பெருங்காயம் அரைச் சிட்டிகை குறைந்தால் வாசலிலேயே சொல்லிவிடுகிற மூக்கு அது. “பச்சை மிளகாய் காம்பு கிள்ளினா வர்ற வாசனை” என்றார். அண்ணன் சிரித்தார். பிறகு புத்தகத்தைப் புரட்டினார். சிரிப்பு நின்றது. குடைமிளகாய்க்குப் பச்சை வாசனை தரும் அதே பைரசீன் வகைப் பொருள்தான் சொவின்யோன் பிளாங்கிலும் இருக்கிறது.

“சிவப்பைச் சொல்லு பாப்போம்.”

“மிளகு. நல்ல மிளகு, அப்பதான் இடிச்சது.”

மறுபடி புத்தகம். மிளகின் வாசனைக்குக் காரணமான ரோட்டண்டோன் ஷிராஸிலும் இருப்பதை ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் 2008-ல்தான் கண்டுபிடித்தார்களாம். அண்ணிக்கு நாலு செகண்ட்.

அண்ணன் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். “இதுல டானின் இருக்கும்மா. நாக்கைப் பிடிச்சு இழுக்கும். இங்கிலீஷ்லதான் அதுக்குப் பேரு.”

“துவர்ப்புன்னு சொல்லுங்க. நாவல்பழம் தின்னதில்ல?”

அறுசுவையில் ஒன்றாக நாம் வைத்திருப்பதை அண்ணன் நாசிக் வரை போய் வேறு பெயரில் வாங்கிவந்திருக்கிறார். நான் பக்கத்து மாடிக் கொடியில் காயும் லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆளுக்கு அறுபது மில்லி போக மீதி அப்படியே இருந்தது. திறந்த பாட்டில் நாலைந்து நாளில் ருசி கெட்டுப் புளிக்கத் தொடங்கும். அண்ணிக்கு அது தெரிந்த விஷயம். வெங்காயம் நறுக்கிப் போட ஜாடி தயாராக இருந்தது.

அடுத்த வெள்ளி ஷெனின் பிளாங். ரிப்போர்ட் பாரத்தில் ‘வாசனை’ கட்டம் காலியாக இருந்தது. அண்ணன் டவராவைக் கழுவி, மல்லிகைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு, படிக்கட்டில் நின்று, “ஏம்மா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போயேன்” என்று குரல் கொடுத்தார். பாரத்தின் அடியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் இப்போது அண்ணியின் கையெழுத்து.