எட்டு வரிக்கு ஒரு மாவு மில்

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி இரண்டு வேலை சொன்னாள். ஒன்று, கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்து வர வேண்டும். இரண்டு, மச்சினன் கல்யாணப் போட்டோக்களை வெளி டிஸ்க்கில் ஏற்ற வேண்டும்.

"அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதிவிட்டால் இனி எத்தனை கல்யாணம் வந்தாலும் கவலையில்லை. எட்டே வரி" என்றேன்.

"கோதுமை?" என்றாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

ஷெல் பழைய குடும்பம். ஸ்டீவ் போர்ன் எழுதிய ஷெல் 1979இல் யூனிக்ஸோடு வந்தது. அதன் வாரிசு பாஷ், 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதியது. பழைய குடும்பம் என்றால் ஆசாரமும் அதிகம். மதிப்புக் கொடுக்கும்போது சமக்குறிக்கு இரு பக்கமும் இடைவெளி விடக் கூடாது. சதுர அடைப்புக்குள் விடாமல் இருக்கக் கூடாது. 'இஃப்' என்று தொடங்கியதைத் திருப்பிப்போட்டு 'ஃபி' என்று முடிக்க வேண்டும். அதே கணக்கில் 'டூ'வுக்கு 'ஓடி' வரவேண்டும். அந்தப் பெயரில் முன்பே ஒரு கட்டளை குடியிருந்ததால் 'டன்' வந்தது.

இதெல்லாம் என் மண்டையில் நிற்காது. தப்புச் செய்தால் எடிட்டரே தோளைத் தட்டிச் சொல்லட்டும் என்று முடிவு செய்தேன். 2016இல் மைக்ரோசாப்ட் அறிவித்த ஒரு நெறிமுறை இருக்கிறது. எடிட்டர் மாப்பிள்ளை வீடு, மொழி பெண் வீடு, நடுவில் பேசி முடிக்கிற தரகர் 'லாங்குவேஜ் சர்வர்'. ஒரு மொழிக்கு ஒரு தரகர் இருந்தால் போதும், எந்த எடிட்டரோடும் பேசுவார்.

பாஷுக்கான தரகர் டைப்ஸ்கிரிப்டில் எழுதப்பட்டவர். அவர் வர 'நோட்.ஜேஎஸ்' வேண்டும். அதை ஏற்றிக்கொண்டு அவரை அழைத்தால் 'அனுமதி இல்லை' என்றது கம்ப்யூட்டர். என் வீட்டில், என் கம்ப்யூட்டரில், எனக்கு! வேறு ஃபோல்டரில் இறக்கினேன். இப்போது 'அப்படி ஒரு கட்டளையே இல்லை' என்றது. கட்டளைகளைத் தேடும் 'பாத்' பட்டியலில் முகவரி சேர்த்த பிறகுதான் ஆசாமி கண்ணில் பட்டார்.

வந்தவர் கையை விரித்தார். குற்றம் குறை கண்டுபிடிக்க ஷெல்செக் வேண்டுமாம். அது ஹாஸ்கெலில் எழுதியது. வரிகளை ஒழுங்காக அடுக்க எஸ்எச்எஃப்எம்டி வேண்டுமாம். அது கோ மொழி. எட்டு வரி பாஷுக்காக மூன்று மொழிக்காரர்களைக் குடிவைத்து நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

ஸ்கிரிப்டைத் திறந்ததும் ஷெல்செக் ஆரம்பித்தது. முதல் வரியில் எந்த ஷெல் என்று சொல்லவில்லை. சரி, சேர்த்தேன். அடுத்து எஸ்சி2086: மாறியை இரட்டை மேற்கோளுக்குள் போடு. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நான்கு மணி நேரம் பாடுபட்டு வரவழைத்தவன் நான், எனக்கே உபதேசமா? அந்த எச்சரிக்கையை அணைக்க ஒரு கமெண்ட் வரி உண்டு. அதைப் போட்டு வாயை மூடினேன். ஓடவிட்டேன்.

போட்டோக்களுக்குப் பெயர் வைத்தவள் என் மனைவி. ஒன்றின் பெயர் 'அத்தை பந்தி'. மேற்கோள் இல்லாவிட்டால் ஷெல் இடைவெளியில் வெட்டி இரண்டாக்கிவிடும். 'அத்தை' என்று ஒரு கோப்பு இல்லை என்றது. 'பந்தி' என்றும் ஒரு கோப்பு இல்லை என்றது. கல்யாணம் முழுக்க இப்படியே உறவு முறிந்துகொண்டு வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தாள். விளக்கினேன். "அரிசியைப் பொட்டலம் கட்டாமலா கடையிலிருந்து கொண்டு வருவீங்க?" என்றாள். ஷெல்செக் சொன்னதும் அதைத்தான். அதை அணைக்கக் கமெண்ட் வரி இருந்தது.

நான் சாப்பிட்டுக் கை கழுவி வருவதற்குள் அவள் மவுசால் இழுத்து எல்லாவற்றையும் டிஸ்க்கில் போட்டிருந்தாள்.

ஆகவே வாசகர்களே, மாறியை மேற்கோளுக்குள் போடுங்கள், எச்சரிக்கையை அணைக்காதீர்கள். அதற்கும் முன்னால் கோதுமையை அரைத்துவிட்டு வாருங்கள். எங்கள் தெரு மில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணிக்கே மூடிவிடும்.