நடக்காத சண்டைகளின் நடைமுறை: நல்லதண்ணி வாங்குப் பள்ளி பற்றிய ஒரு முன்னாய்வு

நடந்து முடிந்த குத்துச்சண்டையால் அறிவுலகுக்குப் பயன் இல்லை. ஒருவர் விழுந்துவிட்டார், மற்றவர் கையை நடுவர் தூக்கிவிட்டார், அத்தோடு விவகாரம் தீர்ந்தது. நடக்காத சண்டையோ ஒருநாளும் தீராது. அதில் எவருக்கும் மூக்கு உடைவதில்லை; பேசுகிறவர்களுக்கு வேண்டுமானால் உடையலாம். ஹெவிவெயிட் பிரிவில் இப்படிப்பட்ட சண்டைகள் ஏராளம் என்பதை உலகம் அறியும். அவற்றை ஆராயும் முறையியல் நல்லதண்ணியில்தான் முதிர்ந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்களம் பற்றி இரண்டு வார்த்தை. மஸ்கெலியாவிலிருந்து வரும் பஸ் இங்கே வந்து திரும்பிப் போகும். இதற்கு மேல் சிவனொளிபாதமலைப் படிகள்தான். மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரை சீசன். அந்த மாதங்களில் யாத்திரிகர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றவே நேரம் போதாது, ஆய்வு எங்கே நடப்பது? வெசாக் கழிந்து தென்மேற்கு மழை பிடித்ததும் கடைகள் பாதி மூடும். மிச்சமிருக்கும் கடைகளின் வாங்குகளில் புலமை வந்து உட்காரும்.

இந்த ஊருக்கு இயற்கையாகவே ஒரு தகுதி உண்டு. தலைக்கு மேலே 2,243 மீற்றர் உயரத்தில் ஒரே ஒரு பாதம். புத்தருடையது என்கிறார்கள், சிவனுடையது என்கிறார்கள், ஆதம் நபியுடையது என்கிறார்கள், புனித தோமையாருடையது என்றும் சொல்வார்கள். நான்கு தரப்பும் காலங்காலமாக ஒரே படியில் ஏறி இறங்குகின்றன; நடுவரை எவரும் கூப்பிட்டதில்லை. உச்சியில் மணி இருக்கிறது. ஆனால் அதை அடிப்பது ரவுண்டு முடிந்ததைச் சொல்ல அன்று, எத்தனையாவது தடவை ஏறினோம் என்று கணக்குச் சொல்ல. இப்பேர்ப்பட்ட மலையடிவாரத்தில் பிறந்தவர்களுக்கு ஹெவிவெயிட் சம்பியன்களில் பெரியவர் மார்சியானோவா அலியா என்பதெல்லாம் ஒரு கேள்வியா?

வாங்குப் பள்ளியின் முதல் விதி: பார்த்தவன் சாட்சி, பாராதவன் நிபுணன். 1974 அக்டோபர் 30 அன்று கின்ஷாசாவில் முகம்மது அலி ஜோர்ஜ் ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார். மோதல் தொடங்கியது அங்கே அதிகாலை 4 மணிக்கு. இங்கே அப்போது காலை 8.30. பெரட்டு முடிந்து, ஆட்கள் மலையேறி, கூடையின் அடி மறைகிற நேரம். இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1979இல்தான். ஆகவே தேயிலைத் தோட்டத்தைப் பொறுத்தவரை அதுவும் ஒரு நடக்காத சண்டையே. "அலி அடிச்சத யாருண்ணே பாத்தா? பேப்பர்ல போட்டான், நாம நம்புனோம்" என்று மூத்த ஆய்வாளர் ஒருவர் கேட்டபோது அவையில் பதில் இல்லை. இந்த ஐயத்தை ஐரோப்பியத் தத்துவவாதிகள் நிறையப் புத்தகம் எழுதி வந்தடைந்தார்கள். இங்கே ஒரு வடையோடு முடிந்தது.

இனி மையக் கேள்வி: ஒரு சண்டை ஏன் நடக்காமல் போகிறது? பயத்தால் என்பது பாமரர் கருத்து. தரவுகளை அடுக்கிப் பார்த்தால் பயம் அபூர்வம். பெரும்பாலும் மூன்றாவது ஆள் ஒருவர் எழுந்து வந்து ஒரு கேள்வி கேட்கிறார். அதற்குப் பிறகு மேடை கலைந்துவிடுகிறது.

இதன் மூல உதாரணம் அஸ்தினாபுரத்து அரங்கேற்றம். கர்ணன் அருச்சுனனைத் தனிச்சண்டைக்கு அழைக்கிறான். கிருபர் எழுந்து, உன் தாய் தகப்பன் யார், குலம் என்ன என்று கேட்கிறார். துரியோதனன் அவசரமாக அங்க நாட்டை எழுதிக் கொடுத்தும் பயனில்லை. வளர்ப்புத் தந்தை அதிரதன் வந்து நிற்க, பீமன் ஏளனம் செய்ய, சூரியன் மறைந்துவிடுகிறது. அன்றைய போட்டி ரத்து. அமெரிக்காவின் கிருபர்கள் இதைவிட வெளிப்படையானவர்கள். ஜோன் எல். சலிவன் சம்பியனாக இருந்த காலத்தில் பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்பின வீரரோடு மோத மறுத்தார், காரணம் தோல். அதே ஜாக்சன் 1891இல், பின்னர் சலிவனையே வீழ்த்தப்போகும் கோர்பெட்டோடு 61 ரவுண்டு மோதியும் தோற்காதவர் என்பதை மனத்தில் இருத்துக. அடுத்த தலைமுறையில் சம்பியன் ஜாக் டெம்ப்சியும் கறுப்பின வீரர் ஹரி வில்ஸும். வருடக்கணக்கில் பேசி, 1925இல் ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானது. சண்டை மட்டும் வரவில்லை. வில்ஸுக்கு முன்பணமாகக் கிடைத்த 50,000 டொலர் அவரிடமே தங்கிவிட்டது. வேலைக்குப் போகாமலே பேர் விழுந்த ஆள் என்று வாங்குப் பள்ளி அவரை மிகுந்த மரியாதையோடு குறிப்பிடுகிறது.

கிருபரின் கேள்வி மலையகத்துக்குப் புதிதன்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையேதான் கேட்டது: தகப்பன் எங்கே பிறந்தான், தகப்பனுக்குத் தகப்பன் எங்கே பிறந்தான், தாள் இருக்கிறதா? அதே ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கிற்கு இலங்கை குத்துச்சண்டை வீரர்களை அனுப்பியது. லயத்தில் பிறந்த ஒரு பையன் எவ்வளவு பலமாகக் குத்தியிருப்பான் என்ற ஆய்வுக்கு அந்த ஆண்டு முதலே தரவு கிடையாது. பிரஜாவுரிமை இல்லாமல் எஞ்சியிருந்தவர்களுக்கும் அதைக் கொடுக்கும் சட்டம் 2003இல் வந்தது. அத்தனை ஆண்டுகளில் நடக்காமல் போன சண்டைகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று வாங்குப் பள்ளியில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அந்தத் தலைப்பு வந்தால் தேத்தண்ணி ஆறிவிடுகிறது, ஆகவே மேலே செல்வோம்.

மூன்றாவது ஆள் சில வேளை அம்மாவாகவும் இருப்பார். விதாலி, விளாடிமிர் கிளிச்கோ சகோதரர்கள் 2011 வாக்கில் உலகின் முக்கியமான ஹெவிவெயிட் பட்டங்கள் அத்தனையையும் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். இருவரும் மோதியிருந்தால் எல்லாப் பட்டமும் ஒரு இடுப்பில் ஏறியிருக்கும். மோதவில்லை, அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு. ஆற்றங்கரையில் குந்தி கர்ணனிடம் வாங்கிய வாக்கை இதனோடு ஒப்பிடுக. அதில் அருச்சுனனுக்கு மட்டும் கர்ணன் விலக்கு வைத்துவிட்டான். உக்ரேனியத் தாயார் விலக்கே கொடுக்கவில்லை. சகோதரர் இருவரும் முனைவர் பட்டம் பெற்றவர்கள் என்பதையும் பதிவு செய்யவேண்டும். இக்கட்டுரை ஆசிரியருக்கு அது இல்லை, அம்மாவின் தடைகள் மட்டும் உண்டு.

அரசாங்கம் குறுக்கே வந்த கதை கியூபாவின் தியோஃபிலோ ஸ்டீவன்சனுடையது: 1972, 1976, 1980 என மூன்று ஒலிம்பிக் தங்கம், அலியோடு மோதக் கோடிக்கணக்கில் பேச்சு, தொழில்முறைக்குப் போக மறுப்பு. ரிடிக் போவ் 1992இல் தன் பட்டப் பட்டியையே குப்பைத்தொட்டியில் போட்டார், லெனொக்ஸ் லூயிஸோடு மோதுவதைவிட அது சுலபம் என்று. இவற்றில் ஆராய அதிகமில்லை.

ஆராய வேண்டியது கணினி. 1967இல் மரி வொரோனர் என்ற அமெரிக்க வானொலிக்காரர், எல்லாக் காலத்துச் சம்பியன்களின் விவரங்களையும் என்.சி.ஆர் 315 என்ற கணினிக்குள் போட்டு ஒரு போட்டித் தொடர் நடத்தினார். அதில் அலி, ஜிம் ஜெஃப்ரிஸிடம் தோற்றதாக முடிவு வந்தது. அலி நீதிமன்றம் போனார்: பத்து இலட்சம் டொலர் மானநஷ்டம். நடக்காத சண்டையில் தோற்றதற்காக வழக்குப் போட்ட வீரர் அவர். சமரசமாக, தொடரில் வென்ற மார்சியானோவோடு 1969இல் ஒரு படத்தில் நடித்தார். மார்சியானோ எடை குறைத்து, பொய்முடி வைத்து வந்தார். ஒரு நிமிட ரவுண்டுகளாக எழுபதுக்கு மேல் எடுத்தார்கள், முடிவுகளையும் விதவிதமாக எடுத்தார்கள். 1970 ஜனவரியில் படம் திரைக்கு வந்தபோது அமெரிக்காவில் மார்சியானோ 13ஆவது ரவுண்டில் வென்றார். ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி வென்றார்.

இதைக் கேட்டு நல்லதண்ணி அசரவில்லை. மாசியில் காமன் கூத்து பார்த்து வளர்ந்தவர்கள். சிவனின் நெற்றிக்கண்ணில் காமன் எரிந்தானா என்று தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரு தரப்பு விடிய விடியப் பாடும். இரண்டு முடிவும் உண்மைதான், எந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கிறோம் என்பதே வேறுபாடு. வொரோனர் பெருஞ்செலவில் கண்டுபிடித்தது இதைத்தான், அதுவும் தப்பு இல்லாமல்.

எடை பற்றிய பள்ளியின் நிலைப்பாடும் கவனத்துக்குரியது. மார்சியானோ 49 சண்டையில் 49 வெற்றி. ஆனால் சம்பியனாக இருந்தபோது எடை ஏறத்தாழ 84 கிலோ. இன்று ஹெவிவெயிட்டுக்கு 90.7 கிலோ தாண்டவேண்டும். எனவே அவரை விலக்கவேண்டும் என்றார் ஒரு இளைஞர். கொழுந்து நிறுத்த அனுபவமுள்ள அக்கா ஒருவர் குறுக்கிட்டார்: "தராசு சொல்றதயா நம்புற? சாக்குக்கு ஒண்ணு, ஈரத்துக்கு ஒண்ணுன்னு கழிவு போட்டிருப்பாங்க தம்பி." மார்சியானோ அன்று மாலையே மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்.

இறுதியாக, இப்பள்ளியின் தலைசிறந்த படைப்பு. இலங்கையின் குத்துச்சண்டைப் பெருமை இலகு எடைகளில்தான். 1938இல் சிட்னி பேரரசு விளையாட்டில் தங்கம் வென்ற பார்னி ஹென்றிகஸ்கூட இறகு எடைக்காரர். சொந்த மண்ணில் ஹெவிவெயிட் யார் என்று தேடியபோது, ஹட்டன் ரயில் வருகிற வழியிலேயே ஆள் கிடைத்தார்: நாவலப்பிட்டியில் பிறந்த எம்.ஜி.ஆர். பிறந்த நாள் 1917 ஜனவரி 17. முகம்மது அலி பிறந்தது 1942 ஜனவரி 17. சரியாக 25 ஆண்டு இடைவெளி. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? 1980இல் அலி சென்னை வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிச் சண்டை போட்டார். அப்போது முதலமைச்சர் எம்.ஜி.ஆர். ஆனால் அலியின் எதிரே நின்றது ஜிம்மி எல்லிஸ். வரலாறு கைக்கெட்டிய தூரத்தில் வந்து திரும்பிப் போனது.

எந்த வயதில் மோதவிடுவது என்பதில் சிக்கல். 1980 என்றால் 63க்கு 38, நியாயமில்லை. இருவரையும் 25 வயதில் நிறுத்தினால், எம்.ஜி.ஆர் 1942இல் சின்ன வேடங்களில்தான் இருந்தார். கதாநாயகனானது 1947இல் 'ராஜகுமாரி'யில். 1967 என்று ஒரு யோசனை வந்தது. அந்த ஜனவரியில் வாத்தியார் எம்.ஜி.ஆர் கழுத்தில் துப்பாக்கிக் குண்டு, ஏப்ரலில் இராணுவத்துக்குப் போக மறுத்த அலியின் பட்டம் பறிபோனது. இருவருமே களத்தில் இல்லை. கடைசியில் 1965 என்று முடிவானது. 'எங்க வீட்டுப் பிள்ளை' வந்த வருடம், சோனி லிஸ்டன் முதல் ரவுண்டிலேயே விழுந்த வருடம்.

வாத்தியார் தோற்கவே மாட்டார் என்ற தரப்புக்கு எதிராக 'மதுரை வீர'னையும் 'பாச'த்தையும் எடுத்துக் காட்டினார்கள், இரண்டிலும் சாகிறார். சாவது வேறு, தோற்பது வேறு என்று தீர்ப்பாகியது. இப்போது நிற்கும் ஒரே பிரச்சினை நடுவர். பட வில்லன் நம்பியாரைப் போடலாம், நிஜத்தில் அவர் சபரிமலைக் குருசாமி, அவரைவிட நேர்மையான ஆள் கிடைக்காது என்கிறது ஒரு கட்சி. நேர்மையெல்லாம் சரி, அந்த ஆள் உள்ளே வரும்போது கையில் சாட்டை இருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும் என்கிறது மற்றக் கட்சி.