பெர்லின் வலம்வரு படலம்: திசையும் சீட்டும் குறித்த ஓர் ஆராய்ச்சி

பெர்லினை அனுபவிக்கும் வழி கேட்டால் பிராண்டன்பர்க் வாயில், நாடாளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம், அருங்காட்சியகத் தீவு என்று அடுக்கிக்கொண்டு போவார் உளர். அவர் கூற்றை இவ்வாய்வு மறுக்கவில்லை, கண்டுகொள்ளவில்லை, அவ்வளவே. மூலவரைப் பார்க்கப் பாய்வதற்கு முன் பிராகாரத்தைச் சுற்றுவது முறை. பெர்லினுக்கும் ஒரு பிராகாரம் உண்டு. ரிங்பான் என்று பெயர். 1877-ல் வட்டம் முழுமையடைந்த இந்த நகர ரயில் பாதையின் நீளம் 37 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு 60 நிமிடம், நிலையங்கள் 27. நட்சத்திரங்களும் 27 என்பதைத் தற்செயல் என்று தள்ள எமக்கு மனம் வரவில்லை.

முதற்கண் திசை. எஸ்-41 கடிகார முள் சுற்றும் வழியிலும், எஸ்-42 அதற்கு எதிர்வழியிலும் சுற்றுகின்றன. எதில் ஏறினாலும் ஏறிய இடத்துக்கே வந்து சேரலாம் ஆதலின், இவ்வேற்றுமையால் பயன் என்னை எனின், கூறுதும். எஸ்-41-ல் ஊர்நடு எப்போதும் நம் வலப்பக்கம் இருக்கும். கோயிலில் சுற்றும்போது சாமி இருக்கும் பக்கமும் அதுவே. 368 மீட்டர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் அந்தப் பக்கந்தான் கட்டடங்களுக்கு இடையே தலைகாட்டி மறையும். எனவே வலப்பக்க ஜன்னலோர இருக்கையே சாத்திர சம்மதம். இடப்பக்கம் அமர நேர்ந்தவர்க்கு மேற்கே 1926-ல் திறந்த வானொலிக் கோபுரம் உண்டு. ஆறுதல் பரிசுதான். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுவோம் என்பது எஸ்-42 கட்சியார் கொள்கை. நெரிசல் நேரத்தில் ஐந்து நிமிடத்துக்கொரு வண்டி வரும் ஊரில் அப்படியென்ன அவசரம் என்று கேட்டால் அவர்களிடம் விடை இல்லை.

இப்பாதையை வரைபடத்தில் பார்த்தால் மேற்கு நோக்கிய நாயின் தலை போலிருக்கும். பெர்லின்காரர்களே நாய்த்தலை என்றுதான் சொல்கிறார்கள். மூக்கு வெஸ்ட்குரோய்ட்ஸ் நிலையத்தில் இருக்கிறது. ஆக, இது பைரவர் வாகனத்தைச் சுற்றுவதாகும். ஆகம வல்லார் இதுபற்றி இன்றுவரை வாய் திறக்கவில்லை.

வலம் தடைப்பட்ட காலமும் உண்டு. 1961 ஆகஸ்ட் 13-ல் பெர்லின் சுவர் எழும்பத் தொடங்கியபோது வட்டம் இரண்டு இடத்தில் அறுந்தது. மேற்கு பெர்லினில் கிடந்த துண்டையும் நடத்தியது கிழக்கு ஜெர்மனியின் ரயில்வே. எனவே மேற்குக்காரர்கள் வீம்பாக ஏறாமலே இருந்தார்கள். 1980-ல் ஒரு வேலைநிறுத்தத்துக்குப் பின் அந்தப் பகுதி மூடப்பட்டே போயிற்று. சுவர் விழுந்த பிறகும் தண்டவாளம் கூடிவர ஆண்டுகள் பிடித்தன. 2002 ஜூனில்தான் வட்டம் மறுபடி மூடியது. கணக்கிட்டால் இரண்டு மாதம் குறைய 41 ஆண்டு. வண்டி எண்ணும் 41! எண்கணித சோதிடர்கள் இதை விடமாட்டார்கள், நாம் விட்டுவிடுவோம்.

சுற்றின் நடுவே இறங்கலாமா? ஓரிடத்தில் இறங்காமல் இருப்பதுதான் குற்றம். ஹெர்மன்ஷ்ட்ராஸ நிலையம் தாண்டியதும் வலப்பக்கம் திடீரென்று வெட்டவெளி விரியும். அது டெம்பெல்ஹோஃப் விமான நிலையம். 1948-49-ல் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்திறங்கிய இடங்களுள் ஒன்று. 2008-ல் மூடினார்கள், 2010-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள், ஓரங்களில் வீடு கட்டும் திட்டம் வந்தபோது, 2014-ல் நடந்த வாக்கெடுப்பில் ஊரே திரண்டு வேண்டாம் என்றது. இன்று ஓடுதளத்தில் சைக்கிள்கள் ஓடுகின்றன, பட்டங்கள் பறக்கின்றன. விமானம் ஏற வேண்டிய பாதையில் கையை வீசிக்கொண்டு, பாதுகாப்புச் சோதனை எதுவுமின்றி நடப்பதில் உள்ள சுகத்தை எந்த அருங்காட்சியகமும் தராது என்பது எம் தீர்ந்த முடிவு. நிழல் மட்டும் கிடையாது. தண்ணீர் கொண்டுபோக வேண்டும். குடித்த பிளாஸ்டிக் பாட்டிலைக் குப்பையில் எறியற்க. அதற்கு 25 சென்ட் வைப்புத்தொகை உண்டு. கடைக்குத் திருப்ப நேரமில்லாதவர்கள் தொட்டிக்கு வெளியே நிறுத்திவைப்பார்கள். பொறுக்கிச் சேர்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

இனிச் சீட்டு. நிலையங்களில் தடுப்புக் கதவு கிடையாது. காகிதச் சீட்டை நடைமேடைப் பெட்டியில் செருகி முத்திரையிட்டு ஏறுவது பயணியின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது. மனச்சாட்சிக்குத் துணையாகச் சாதாரண உடையில் பரிசோதகர்கள் உலவுகிறார்கள். தண்டம் 60 யூரோ. சிக்கல் இனிமேல்தான். ஒருவழிச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும், இடையில் இறங்கி ஏறலாம். ஆனால் திரும்பி வருவதற்கும் சுற்றி வருவதற்கும் செல்லாது என்பது விதி. அதாவது, வட்டப் பாதையில் வட்டமடிப்பது குற்றம்!

குற்றம் எந்தக் கணத்தில் பிறக்கிறது? ஏறிய நிலையத்தைத் திரும்பத் தொட்டதும் என்பார் ஒரு சாரார். அற்றன்று, பாதி வட்டம் தாண்டிய அப்போதே பிறந்துவிடும், அதற்குமேல் எதிர்வண்டியே கிட்டத்து வழியாகலான் என்பார் பிறிதொரு சாரார். கெசுண்ட்புருன்னன் நிலையத்தில் எஸ்-41-ல் ஏறியவர் 27-ஆம் நிலையமாகிய வெடிங்கில் இறங்கி, எஞ்சிய தூரத்தைக் காலால் நடந்து முடித்தால் புண்ணியமும் கெடாது, விதியும் கெடாது என்பது எம் துணிபு. இதைப் பரிசோதகரிடம் வாதிட்டுப் பார்க்க வேண்டாம். அவர் உரைமரபு அறியார். 24 மணி நேரச் சீட்டு வாங்கிவிடுக. அதில் எத்தனை சுற்றும் வரலாம். வேண்டுதல் உள்ளவர்கள் நவக்கிரகக் கணக்கில் ஒன்பது வரக்கூடும். அவ்வளவுக்கு இடுப்பு தாங்குமா என்பது மருத்துவர்கள் ஆராய வேண்டியது.