பாட்டியின் ஞாயிற்றுக்கிழமை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும், பள்ளி விடுமுறை விட்ட மறுநாளே நம்மைக் கிள்ளான் ரயிலில் ஏற்றிவிடுவார்கள். அங்கே தோட்டத்தில் பாட்டி காத்திருப்பார், எத்தனை நாள், யார் அனுமதியில், திரும்பக் கொண்டுவந்து விடுவது யார் என்ற கேள்வியெல்லாம் எவருக்கும் எழுந்ததில்லை. விடியும் முன்னே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்குப் போகும் சித்தி தன் கைக்குழந்தையையும் பாட்டியின் மடியில் கிடத்திவிட்டுப் போவார்; நாங்கள் லயத்து வாசலில் வரிசையாக உட்கார்ந்து, டின்பால் ஊற்றிய காப்பியில் பிஸ்கட்டை நனைத்து, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொள்வோம். விடுமுறை முடிந்து அப்பா அழைக்க வந்தபோது, பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, இனி தோட்டத்துப் பள்ளியிலேயே படிக்கிறேன் என்று நான் விடாமல் வாதாடியதுண்டு. “போய்ட்டு தீபாவளிக்கு வா சாமி” என்றார் பாட்டி. அதற்குமேல் பேச்சில்லை, புறப்பட்டேன்.

ரயில் யார்டு இருந்த இடத்தில் 2001 முதல் கேஎல் சென்ட்ரல் நிற்கிறது, எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, கிள்ளானுக்குக் கொமூட்டர் குளுகுளுவென்று ஓடுகிறது. பேரப்பிள்ளைகள்தாம் முன்போல வந்து சேர்வதில்லை. மகனும் மருமகளும் பிரிந்த வீட்டில், அல்லது மகள் இறந்து மருமகன் மறுமணம் செய்துகொண்ட வீட்டில், பிள்ளையைக் கைக்குழந்தையிலிருந்து வளர்த்த பாட்டி லாயர் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிள்ளையைக் கேட்டு நீதிமன்றத்துக்கு அலைகிறார். குளிப்பாட்டியதும் சோறூட்டியதும் காய்ச்சல் இரவில் கண்விழித்ததும் அஃபிடவிட்டில் எண் போட்ட பத்திகளாகின்றன.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 88ஆம் பிரிவு பிள்ளையைத் தாயிடமோ தந்தையிடமோதான் முதலில் ஒப்படைக்கச் சொல்கிறது. இருவரிடமும் விடுவது நல்லதல்ல என்னும் அசாதாரண நிலையில்தான் உறவினர் பக்கம் திரும்புகிறது. ஏழு வயதுக்குக் கீழென்றால் தாயோடு இருப்பதே நல்லது என்று கொள்ளும், மறுத்து நிரூபிக்க இடமுண்டு. பாட்டியின் இடம் வரிசையில் பின்னால்தான்.

இதைச் சொல்லிப் பழைய காலத்தைத் தங்கமாக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த லயத்தில் வாய் திறக்காமல் உழைத்த சித்திக்கு, தான் பெற்ற பிள்ளைமேல் சட்டப்படி கணவனுக்குச் சமமான உரிமை இருந்ததில்லை. 1961ஆம் ஆண்டுப் பாதுகாவலர் சட்டத்தில் தந்தையே பாதுகாவலர். 1999இல் அது திருத்தப்பட்ட பிறகே தாய் சமமானார். எங்கள் விடுமுறை இனித்தபோது அவர் நிலை அதுதான்.

வேறு நாட்டு நீதிமன்றங்களும் ஒரே பக்கம் நிற்கவில்லை. இந்தியாவில் 2009இல் அஞ்சலி கபூர் வழக்கில், பிரசவத்தில் தாயை இழந்த சிறுமியை, தந்தை கேட்டும், வளர்த்த பாட்டியிடமே உச்ச நீதிமன்றம் விட்டது. அமெரிக்காவிலோ 2000இல் டிராக்ஸல் வழக்கில், பேத்திகளை இன்னும் அதிகமாகப் பார்க்கக் கேட்ட தாத்தா பாட்டிக்கு எதிராகத் தாயின் முடிவே நின்றது. எந்தப் பக்கம் தீர்த்தாலும் ஒரு வீடு அழும்.

நம் சட்டத்தின் 89ஆம் பிரிவில் ஒரு வாசல் திறந்திருக்கிறது: இறந்துபோன அல்லது பிள்ளையை வளர்க்கும் பொறுப்பை இழந்த பெற்றோரின் குடும்பத்தார் குழந்தையைப் பார்க்க நீதிமன்றம் வழி செய்யலாம். பிரிகிற பெற்றோரே, உங்கள் கோபம் உங்களோடு இருக்கட்டும். உத்தரவு எழுதும்போது பாட்டிக்கும் தாத்தாவுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையை நீங்களாகவே கேட்டு எழுதி வாங்குங்கள்.