வசந்தகால வெளிநாட்டுப் பயணப் பெட்டியில் துணிமணிகளின் இடம்: ஒரு முதற்கட்ட ஆய்வு

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்பது நம் இலக்கண உரைகாரர்கள் போட்டுவைத்த கணக்கு. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்திலும் ஏறத்தாழ அதே மாதங்கள்தாம் வசந்தம். ஆனால் ஏப்ரலில் நியூவார்க் நகரின் பகல் வெப்பம் சராசரியாக 17 டிகிரி செல்சியஸ். விடியற்காலையில் 7 டிகிரி. அதே நாளில் சென்னை 35 டிகிரியில் வெந்துகொண்டிருக்கும். ஆக, 35 டிகிரியில் உட்கார்ந்துகொண்டு 7 டிகிரிக்குப் பெட்டி கட்டும் மனித முயற்சியே இவ்வாய்வின் பொருள். மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போகும் சென்னைப் பெற்றோர் இதன் எல்லை. தேனிலவுக்குப் போகிறவர்களும் கம்பெனி செலவில் போகிறவர்களும் விலக்கப்பட்டனர். அவர்கள் பெட்டியில் துணிதான் இருக்கும், ஆராய ஒன்றுமில்லை.

முதலில் சட்டம். அமெரிக்கா செல்லும் பல விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. நீள அகல உயரங்களைக் கூட்டினால் 158 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. தம்பதியாகப் போனால் 92 கிலோ. இந்தத் தொகையைச் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் புதிதாக ஒரு கிரவுண்டு நிலம் வாங்கிய களை தெரியும். ஆனால் பெரிய பெட்டி காலியாகவே நாலரை கிலோ இருக்கும். நான்கு பெட்டிக்கு 18 கிலோ அதிலேயே போய்விடுகிறது. மிச்சம் 74 என்ற உண்மை வீட்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்தவரும் சொல்வதில்லை.

இன்னொரு வரலாற்றுக் குறிப்பும் தேவை. சக்கரம் வைத்த பெட்டிக்கு பெர்னார்ட் சாடோ என்ற அமெரிக்கர் காப்புரிமை பெற்றது 1972இல். அதுவரை ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று சொல்லும் அதிகாரம் தூக்குகிறவரின் தோளுக்கு இருந்தது. சக்கரம் வந்ததும் தோள் வாயை மூடிக்கொண்டது. இப்போது அதைச் சொல்ல விமான நிலையத் தராசு மட்டுமே மிஞ்சியிருக்கிறது; அதுவும் கடைசி நேரத்தில்தான் வாய் திறக்கிறது.

இனி கருதுகோள். பெட்டியில் துணி என்பது எச்சம். மற்றெல்லாம் போக மிஞ்சிய இடத்தில் போவது.

இதற்கு முதல் சான்று பட்டியல். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அப்பா எழுதும் பட்டியல் எப்போதும் ‘ஸ்வெட்டர் 2, மங்கி குல்லா 2, சாக்ஸ்’ என்றுதான் தொடங்கும். ஆனால் பட்டியலின் வரிசையும் பெட்டியின் வரிசையும் தலைகீழ். பெட்டியின் அடித்தளத்தில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள். அதன்மேல் அப்பளம், வடகம், சுண்டைக்காய் வற்றல், மோர்மிளகாய். அதற்கும் மேல் முறுக்கு டப்பா. ஸ்வெட்டர் அதுவரை கட்டிலின் ஓரத்தில் தன் முறைக்குக் காத்துக் கிடக்கும்.

அதன் முறை எப்போது வரும் என்பதை அறிய ஊறுகாயின் பயண ஏற்பாட்டைச் சற்று அருகிலிருந்து பார்க்க வேண்டும். பாட்டிலின் வாயில் பாலிதீன் தாள் விரித்து அதன்மேல் மூடி திருகப்படும். மூடியைச் சுற்றி நாலு சுற்று செல்லோ டேப். பிறகு பாட்டிலைப் பழைய செய்தித்தாளின்மேல் இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்திவைப்பார்கள். விடிந்ததும் தாளில் எண்ணெய் வட்டம் தெரிந்தால் பாட்டில் தோல்வி. மறுபடி டேப், மறுபடி ஓர் இரவு. இவ்வளவு கறாரான சோதனையைப் பல ஆய்வுக்கூடங்களில்கூடப் பார்க்க முடியாது. தேர்ச்சி பெற்ற பாட்டிலுக்கு அடுத்த தேவை ஓர் உறை. ஸ்வெட்டரின் கைப்பகுதி மாவடு பாட்டிலுக்கென்றே பின்னியதுபோல் கச்சிதமாகப் பொருந்தும். இங்கே முதல் தேற்றம் கிடைக்கிறது: கம்பளித் துணி பெட்டிக்குள் போவது குளிரைத் தடுக்க அன்று, பாட்டில் உடைவதைத் தடுக்க.

‘ஊறுகாயைக் கைப்பையில் கொண்டுபோகலாமே’ எனின், அற்றன்று. 2006 ஆகஸ்டில், லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்டதிலிருந்து, கைப்பையில் 100 மில்லிலிட்டருக்கு மேல் திரவம் கூடாது. ஊறுகாய் திரவமா திடமா என்ற தத்துவ விசாரம் பாதுகாப்புச் சோதனை மேசையில் எடுபடாது. எண்ணெய் மிதந்தால் திரவம், கதை முடிந்தது.

குளிர் பற்றிய அச்சமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அப்பாவிடம். 1997ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி பாஸ்டன் நகரில் 25 அங்குலப் பனி கொட்டிக் கிடந்ததை அவர் எங்கோ படித்திருக்கிறார். “ஏப்ரல்னு அலட்சியமா இருக்காதே” என்று அதை ஒரு நாளைக்கு இருமுறை சொல்வார். ஆனால் மின்விசிறி முழு வேகத்தில் சுழன்றும் கழுத்துக்குப் பின்னால் வியர்வை வழியும் அறையில் பனி என்பது வெறும் வதந்தி. அளவு சரியா என்று பார்க்க அம்மா ஸ்வெட்டரைப் போட்டுப் பார்ப்பார். தலை வெளியே வருவதற்குள் “போதும் போதும், சரியாத்தான் இருக்கு” என்று கழற்றிவிடுவார். அறிவு பாஸ்டனை நம்பும், உடம்பு சென்னையைத்தான் நம்பும். பெட்டி கட்டுவது உடம்பு.

‘அங்கே எல்லாம் கிடைக்கிறதே’ என்பது மறுதரப்பின் முக்கிய வாதம். உண்மைதான். பட்டேல் பிரதர்ஸ் தன் முதல் கடையைச் சிகாகோவில் திறந்தது 1974இல். இன்று நியூஜெர்சியில் முருங்கைக்காயிலிருந்து இட்லி அரிசி வரை வாங்கலாம். மகளும் முதல் மாதத் தொலைபேசியில் இதையே சொல்கிறாள்: “எதுவும் வேணாம்மா, நீங்க ரெண்டு பேரும் வந்தா போதும்.” இந்த வாக்கியத்தை எழுத்துக்கு எழுத்து நம்பிய தாய் இதுவரை ஆய்வில் அகப்படவில்லை. பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது, “குக்கர் கேஸ்கெட் ஒண்ணு மட்டும்.” ஐந்து நாளில், “110 வோல்ட் மிக்சிக்குச் சின்ன ஜார்.” இது நியாயமான கோரிக்கை, அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் மிக்சி அங்கே உயிரில்லாமல் முனகும். இரண்டு நாள் இருக்கும்போது நள்ளிரவில் ஒரு வாட்ஸப்: “அந்த மாவு உருண்டை செய்ய முடியுமாம்மா? கஷ்டமா இருந்தா வேணாம்.” கடைசி மூன்று சொற்களுக்குத் தாய்மொழியில் ஒரே பொருள்தான், நெய் உருக்கும் வாசனை அடுத்த அரைமணியில் தெருவுக்கு வந்துவிடும்.

எடுத்துப்போகக் கூடாதவற்றின் பிரிவு துயரமானது. கொப்பரைத் தேங்காய் கூடாது. எண்ணெய்ச்சத்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் சரக்கு என்று ஐக்கிய நாடுகளின் ஆபத்துப் பொருள் பட்டியலில் அதற்கு 1363 என்று ஓர் எண்ணே உண்டு. சட்னிக்கு அரைப்பதை இவ்வளவு பயத்தோடு யாரும் பார்த்ததில்லை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைச் சாகடிக்கும் நோயைப் பரப்பும் ஒரு குட்டிப் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும். அதனால் நியூஜெர்சித் தமிழர்கள் பலர் கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்க்கிறார்கள். குளிர்காலம் முழுக்கச் செடி வரவேற்பறைச் சன்னலோரம் குடியிருக்கும். வசந்தம் நிலைத்ததும் வெளியே வரும். செடிக்கு ஸ்வெட்டர் இல்லை என்பதையும் ஆய்வாளர் குறித்துக்கொண்டார்.

மாம்பழம்தான் பெருஞ்சோகம். பெற்றோர் புறப்படும் பருவமும் பங்கனப்பள்ளி வண்டி தெருவுக்கு வரும் பருவமும் ஒன்றே. இந்திய மாம்பழத்தை அமெரிக்கா 2007இல் அனுமதித்தது. ஆனால் கதிர்வீச்சுப் பக்குவம் செய்து, சான்றிதழோடு, வணிகச் சரக்காக வந்தால் மட்டும். அம்மாவின் பையில் செய்தித்தாள் சுற்றி வரும் இமாம்பசந்துக்கு அந்தச் சலுகை கிடையாது. உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதம் 10,000 டாலர் வரை போகலாம் என்று அமெரிக்கச் சுங்கத்துறையே எச்சரிக்கிறது. எனவே மாங்காய்க்கு ஒரு வழிதான் உண்டு. பிஞ்சிலேயே உப்பில் விழுந்தால் அமெரிக்கா போகலாம்; பழுத்துவிட்டால் கடைசிவரை மாம்பலத்தில்தான்.

துணி துணியாகவே மதிக்கப்படும் ஒரே இடத்தை நேர்மை கருதிச் சொல்லியாக வேண்டும். வசம்பு, சுக்கு, பிரசவ லேகியம், பால் புகட்டும் சங்கு ஆகியவற்றோடு பழைய வேட்டிகள் போகின்றன. பல வருடம் துவைத்துத் துவைத்து, கஞ்சியெல்லாம் விட்டுப்போய், பூவிதழ் பதத்துக்கு வந்த வேட்டி. அதைக் கையளவாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, டெட்டாலில் அலசி, நிழலில் உலர்த்தி, இஸ்திரி போட்டுத் தனிப் பையில் வைப்பார் அம்மா. பிறக்கப்போகும் பிள்ளையின் தோலுக்குக் கடையில் வாங்கிய எதுவும் சரிப்படாது என்பது அவர் கட்சி. அந்தப் பையின்மேல் ஊறுகாய் பாட்டிலை வைக்க அப்பா ஒருமுறை முயன்றார். அதன் பிறகு அவர் பெட்டி இருந்த அறைக்குள் வரவில்லை.

அடுத்து, பிறர் பொருள். எதிர்வீட்டு அக்கா மகனும் அங்கேதான் இருக்கிறான், ‘பக்கத்திலதான்’. வரைபடத்தில் பார்த்தால் அந்தப் பக்கம் டெக்சாஸ். “ரொம்ப லேசுதாங்க, அரை கிலோகூட வராது” என்று வரும் பார்சல் எடை போடும்போது ஒன்றே முக்கால் கிலோ. புவியீர்ப்பு ஒரு வாசலைக் கடந்தால் மூன்றரை மடங்காகும் என்பதை இயற்பியலார் இன்னும் கண்டுகொள்ளவில்லை. விமான நிலையத்தில் “பெட்டியை நீங்களேதான் கட்டினீர்களா?” என்று கேட்பார்கள். “ஆமாம்” என்று சொல்லும் அப்பாவின் குரலில் தெருவே அடங்கியிருக்கும்.

எடை பார்க்கும் முறை இரண்டு. கொக்கித் தராசு ஒன்று. இதைப் பிடிக்கும் கை நடுங்க நடுங்க எண்ணும் நடுங்கும். குளியலறைத் தராசு மற்றொன்று. அப்பா பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி நிற்க வேண்டும், வந்த எண்ணிலிருந்து அவர் எடையைக் கழிக்க வேண்டும். இந்த முறையால் அவர் எடை ஊருக்குத் தெரிந்துபோவதைத் தவிர வேறு தீங்கில்லை. ஒரு பெட்டி 24.2 என்றும் மற்றது 21.9 என்றும் காட்டும்போது நீக்கப்படுவது எது என்று கவனித்தால் கருதுகோள் மெய்ப்படும். பருப்புப் பொடிப் பொட்டலம் பெட்டி மாறும். அப்பாவின் இரண்டாவது கால்சட்டை வீட்டிலேயே தங்கும்.

தங்காத துணி உடம்பில் ஏறும். உடம்புக்கு விமான நிறுவனம் எடை போடுவதில்லை. எனவே அம்மா புடவைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் சால்வை என்று மீனம்பாக்கத்தில் வந்து இறங்குவார். அப்பாவின் கோட்டுப் பையில் சர்க்கரை மாத்திரை, பவர் பேங்க், பழைய சாவிக்கொத்து, எதற்கென்று தெரியாத ஓர் எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்தை விமானத்திலேயே விட்டுவிடச் சொல்லி மகள் கத்துவது தனி ஆய்வுக்குரியது.

களத்தின் மறுமுனை. அமெரிக்காவில் பெட்டி திறந்து சோதிக்கப்பட்டால் உள்ளே ஓர் அச்சிட்ட அறிவிப்புத் தாளை வைத்துவிடுவார்கள். இரண்டு வாரம் பெட்டி கட்டியதற்குக் கிடைக்கும் ஒரே எழுத்துப்பூர்வமான மதிப்புரை அதுதான். அது எப்போதும் பொடிப் பொட்டலங்களுக்கு நடுவில்தான் கிடக்கும், துணிகளுக்கு நடுவில் அல்ல.

நிழற்படச் சான்றோடு முடிக்கலாம். நியூவார்க்கின் பிரான்ச் புரூக் பூங்காவில் 5,000க்கு மேற்பட்ட செர்ரி மரங்கள் உண்டு. 1912இல் டோக்கியோ நகரம் வாஷிங்டனுக்கு அன்பளித்தவையே 3,020 மரங்கள்தாம். ஏப்ரலில் அங்கே பூ பார்க்கப் போகும் பெற்றோரின் படத்தை உற்றுப் பாருங்கள். அம்மா சுங்கடிப் புடவை, வெள்ளை ஸ்போர்ட்ஸ் ஷூ, முழங்கால் வரை தொங்கும் மாப்பிள்ளையின் ஜாக்கெட். அப்பா மகளின் கம்பளித் தொப்பி. கொண்டுபோன ஸ்வெட்டர் எந்தப் படத்திலும் இல்லை. மாவடு கசிந்த ஒரு கைப்பகுதியை வீட்டில் மகள் மூன்றாம் முறையாகத் துவைத்துக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பும்போது ஸ்வெட்டரை அங்கேயே அலமாரியில் விட்டுவிடுவார்கள், அடுத்த தடவைக்கு ஆகும் என்று. எனவே அடுத்த பயணத்தில் இரண்டு கிலோ இடம் மிச்சமாகும் என்று கோட்பாடு சொல்கிறது. இந்தச் செய்தி எப்படியோ எதிர்வீட்டு அக்காவுக்கும் எட்டிவிட்டது. பையனுக்குக் கொஞ்சம் சத்துமாவு அரைக்கக் கொடுத்திருக்கிறாராம், ரொம்ப லேசுதான்.