ஹெரால்டு மாப்ளைக்குச் சில வார்த்தை

ஏனுங் மாப்ள, ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கீட்டீங்கன்னு ஊரெல்லாம் பேச்சு. நெம்ப சந்தோசம். பொறத்தால லைட்டுக் கண்ணாடி ஒண்ணு ஒடஞ்சு போயி, போட்டா ஒரிஜினல்தான் போடுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கறீங்களாமா. நில்லுங்க. வயசிருக்குது, கால் வலிக்காது.

ஆனா ஒடஞ்சது ஒரு பக்கந்தானுங்களே? இன்னொண்ணு மங்கலா எரியுதுன்னு ரண்டையும் சேத்தி செட்டா வாங்கப் போறதாச் சொன்னாங்க. பிரேக்க மிதிச்சுட்டு, ஆரையாச்சும் பின்னால நிக்க வெச்சுப் பாக்கச் சொல்லுங்க. பிரேக்கு லைட்டோட இண்டிகேட்டரும் லேசா மினுங்குச்சுன்னா வெளக்குக்கு ஒரு நோக்காடும் இல்லீங். எர்த்துதான் கெட்டுக் கெடக்குது. தகரத்துல ஸ்குரூ உக்கார்ற எடத்துல துரு ஏறியிருக்கும். உப்புக் காயிதம் வெச்சு நல்லாத் தேச்சு மாட்டுனாத் தீந்துது. பல்பையும் கழட்டிப் பாருங்க. ஒரே பல்புக்குள்ள ரண்டு இழை: 21 வாட்டு பிரேக்குக்கு, 5 வாட்டு ராத்திரிக்கு. திருப்பி மாட்டீரக் கூடாதுன்னுதான் செஞ்சவன் ரண்டு முள்ளையும் ஏத்த எறக்கமா வெச்சிருக்கறான். அதையும் நம்மூர்க்காரன் ஒருத்தன் அமுக்கித் திருகி ஏத்தியிருப்பான். அப்பிடின்னா ராவெல்லாம் பளீர்னு எரியும், பிரேக்க மிதிச்சா அழுது வடியும். அதுக்குப் போயி புதுக் கண்ணாடி வாங்குனா, கண்ணாடிக்கடைக்காரன் ஊட்டுலதான் வெளிச்சம்.

சரி, ஒடஞ்சதுக்கு வாங்கித்தான் ஆகோணும். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைக்குப் போவீங்களோ, ரயிலேறி மெட்ராஸ் புதுப்பேட்டைக்கே போவீங்களோ, இஸ்திரி போட்ட சட்டையும் கூலிங் கிளாசுமாப் போயி நிக்காதீங்க. போன்ல வண்டிப் படத்தக் காட்டி “அண்ணா, விண்டேஜ் கார் டெயில் லைட்டு”ன்னு கேட்டீங்கன்னா, கடைக்காரன் உங்களப் பாக்க மாட்டான், மோட்டு வளையப் பாப்பான். வெல அங்கதான் எழுதியிருக்கும். மாட்டுச் சந்தைல துண்டுக்குள்ள வெரலப் புடிக்கறவன், மாடே வேண்டாங்கற மூஞ்சியோடதான் கைய உள்ள உடுவான். அந்த மூஞ்சி உங்களுக்கு வருமான்னுதான் எனக்குச் சந்தேகம்.

வண்டி பேரையே எடுக்காதீங்க. லூகாஸ்காரன் ஒரே வெளக்க நாலஞ்சு கம்பெனிக் காருக்குக் குடுத்தவன். பேரையும் நம்பரையும் கண்ணாடியிலயே வார்த்து உட்டிருப்பான். ஒடஞ்ச சில்லக் கழுவி வெயில்ல சாச்சுப் புடிங்க, தெரியும். அத ஒரு சீட்டுல எழுதீட்டுப் போயி நம்பர மட்டும் சொல்லிக் கேளுங்க. எந்த வண்டிக்குன்னு கேட்டா, “தோட்டத்துல பம்பு ரூமுக்கு மாட்ட”ன்னு சொல்லுங்க. பாதி வெல அங்கயே எறங்கீரும்.

எடுத்துக் குடுத்தா ஒடனே மடியில கட்டிக்காதீங்க. ஓரத்துல இருக்கற குரோம் வளையத்தக் கழட்டச் சொல்லுங்க. வருசக்கணக்கா வெயில் தின்ன கண்ணாடி மூஞ்சியில வெளிறி ஆரஞ்சாப் போயிருக்கும். வளையத்துக்கு அடியில இருந்த விளிம்பு மட்டும் அன்னிக்குச் செஞ்ச செவப்பாவே நிக்கும். ரண்டும் ஒரே நெறமா இருந்தா, ஒண்ணு அது வண்டி ஏறாத பழைய சரக்கு, இல்லாட்டி போன மாசம் வார்த்த சரக்கு. ரண்டுக்கும் வித்தியாசம் எழுத்துல தெரியும். ஒரிஜினல்ல எழுத்து கத்தியில வெட்டுன மாதிரி நிக்கும். அசலுக்கு மேல அச்செடுத்து வார்த்ததுல மொழுக்குனு இருக்கும், ஆறுறப்ப சுருங்கி ஸ்குரூ ஓட்டையும் நூலளவு தள்ளி நிக்கும். “பழசுதானுங், பாருங்க கறை”ன்னு காட்டுனா, ஈரத்துணியில ஒரு தொடை தொடைங்க. டீத்தண்ணியும் பூட் பாலிசும் துணியோட வந்துரும்.

இங்கிலாந்துல இருந்தே தருவிக்கறேன்னு ஒரு வீறாப்பு வேற இருக்குதாமா. தருவிக்கலாம். இத்தாலிக்கார மிக்கேலோட்டி வரைஞ்சு குடுத்து, 1959-ல அங்க ட்ரையம்ப் ஹெரால்டுன்னு எறங்குன வண்டி. 1971 வரைக்கும் அஞ்சு லச்சத்துக்கு மேல செஞ்சாங்க. அதனால இன்னிக்கும் அங்க கண்ணாடி வார்த்து விக்கறாங்க. ஆனா அதுவும் புதுசா வார்த்ததுதானுங்களே மாப்ள? உக்கடத்துக்காரன் வார்த்தா டூப்ளிகேட்டு, வெள்ளக்காரன் வார்த்தா ஒரிஜினலா? அதுவுமில்லாம உங்குளுது மார்க் 3, நாலு கதவு. மெட்ராஸ்ல 1961-ல இருந்து ஹெரால்டு கட்டுன ஸ்டாண்டர்டு கம்பெனி, இந்த நாலு கதவு வண்டிய நம்மூருக்குன்னே தனியாச் செஞ்சுது. வெள்ளக்காரன் அப்பிடி ஒண்ணு செய்யவே இல்ல. மெட்ராஸ் வண்டலூர்ப் பக்கம் பொறந்த பிள்ளைக்கு லண்டன்ல ஜாதகம் தேடறீங்க. தேடறதுதான் தேடறீங்க, ஸ்குரூ ஓட்டைக்கு நடுவுல எத்தன மில்லின்னு அளந்து அனுப்பீட்டு அப்புறம் பணத்தக் கட்டுங்க.

விண்டேஜ்னு பதிவு பண்ணோணும், அதுக்குத்தான் இந்தப் பாடுங்கறீங்களா? 2021-ல சர்க்கார் போட்ட விதிப்படி, மொதப் பதிவாகி 50 வருசம் தாண்டோணும், சேஸி, பாடி, எஞ்சின்ல பெரிய மாத்தம் இருக்கக் கூடாது. புதுப் பதிவுன்னா 20,000 ரூபா கட்டோணும், வி.ஏ. எழுத்துப் போட்ட நம்பர் தருவாங்க. ஒடஞ்ச கண்ணாடிய மாத்துனா அந்த யோக்கியத போயிராதுங். விண்டேஜ்னு பதிவான பொறகு வண்டிய கண்காட்சி, ஊர்வலம்னு எடுக்கலாம், தெனசரி ஓட்டக் கூடாது. ஆக, ராத்திரியில உங்க பொறத்தால வந்து அந்தச் செவப்பப் பாக்கப் போறவனும் ஆருமில்ல.

ஒடஞ்ச சில்ல மட்டும் குப்பையில கொட்டீராதீங்க. நாளைக்கு அச்செடுத்து ரெசின்ல வார்க்கறவனுக்கு அதுதான் மூலம். எழுத்து இருக்கற பாதி பத்தரமா இருக்கோணும்.

என்ற ஊட்டு அட்டாலியில லூகாஸ் எழுத்தோட ஒரு ஜோடி கெடக்குதுங். வலப்பக்கத்தது நல்லா இருக்குது, இடப்பக்கத்துல மயிரளவு கீறல். வெலயா? நாளைக்குச் சாவகாசமா வாங்க. இஸ்திரி போட்ட சட்டையிலயே வாங்க மாப்ள, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல.